கண்டாங்கிக்கு எந்தப் பருத்தி போடலாம்? காரைக்குடி பக்கத்து மூன்று ஏக்கருக்கு ஒரு விரிவான பதில்

கேட்டவர் சொன்னது இவ்வளவுதான். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் மூன்று ஏக்கர் இருக்கிறது, இரண்டு ஏக்கர் மானாவாரிச் செம்மண், ஒரு ஏக்கருக்குக் கிணற்றுத் தண்ணீர். அப்பத்தா கட்டின மாதிரி கனமான கண்டாங்கிச் சேலையைச் சொந்த நிலத்துப் பஞ்சிலேயே நெய்து பார்க்க ஆசை. இழை நீளமாக இருந்தால்தான் தரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதனால் நீள இழை ரகமான சுவின் போடலாமா, இல்லை பி.டி. போட்டால் போதுமா, கருங்கண்ணி என்று ஒன்று சொல்கிறார்களே அது என்ன?

நான் நூல் மில் ஒன்றில் பஞ்சு கொள்முதல் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன், இப்போது கல்லல் பக்கம் கொஞ்சம் நிலத்தை வைத்துக்கொண்டு இருக்கிறேன், அந்த நிலத்தில் பருத்தி போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன். சுவின் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைச் சொல்ல ஆரம்பித்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

முதலில் நூலிலிருந்து தொடங்குங்கள், விதைக் கடையிலிருந்து தொடங்காதீர்கள். நெசவாளர்கள் 40 நம்பர், 60 நம்பர் என்று நூலைச் சொல்வார்கள் இல்லையா, அது என்ன கணக்கு என்றால் ஒரு பவுண்டு எடை நூலில் 840 கெஜம் நீளமுள்ள கழி எத்தனை வருகிறது என்பதுதான். 40 நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 40 கழி, அதாவது 33,600 கெஜம். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும். மெல்லிய நூலின் குறுக்கில் இருக்கும் இழைகள் குறைவு, அந்தக் கொஞ்ச இழைகளும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு அறுபடாமல் நிற்க வேண்டுமானால் ஒவ்வொன்றும் நீளமாகவும் நுண்மையாகவும் இருந்தாக வேண்டும். கனமான நூலுக்கு அந்த நீளம் தேவையே இல்லை. ஆக நீளம் என்பது தரம் அல்ல, எந்த வேலைக்கு எந்த இழை என்ற பொருத்தம் மட்டும்தான். தோராயமாகச் சொன்னால் 22, 23 மில்லிமீட்டர் இழையில் 20 நம்பர் வரை போகலாம், 27 மில்லிமீட்டர் சுற்றி இருந்தால் 40 நம்பர், 30-ஐத் தாண்டினால் 60, 34-க்கு மேல் 80, 100. சுவின் 36 முதல் 38 மில்லிமீட்டர், அதில் 100, 120 நம்பர் நூற்கலாம். கண்டாங்கிக்கு 120 நம்பர் நூல் எதற்கு? உங்கள் அப்பத்தா கட்டின சேலை துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகி, தலைமுறை தாண்டி நின்றதற்குக் காரணம் அதன் கனம். மஞ்சளும் செங்கல் சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்டு, கரையை அகலமாக விட்டு, கனமாக நெய்வதுதான் அதன் அழகு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியதும் அந்தச் சேலைக்குத்தான்.

சுவினைப் பற்றித் தப்பாக எதுவும் சொல்லவில்லை. 1974-இல் கோயம்புத்தூரில் வந்த ரகம் அது, சுஜாதா என்ற எகிப்திய வகையையும் செயின்ட் வின்சென்ட் தீவுப் பருத்தியையும் சேர்த்து உருவாக்கி இரண்டு பேரையும் ஒட்டி சுவின் என்று வைத்தார்கள். இந்தியாவில் அதைவிட நல்ல பஞ்சை நான் கையில் தொட்டதில்லை, பட்டு மாதிரி வழுக்கும். ஆனால் ஆறு மாதம் நிலத்தில் நிற்கும், காய் சின்னது, நூறு கிலோ விதைப்பருத்தியைக் கடைந்து கொட்டையைப் பிரித்தால் முப்பது கிலோ பஞ்சு வருவதே பெரிது, பூச்சியும் தேடி வரும். சேலம் மாவட்டத்தில் ஆத்தூர்ப் பக்கம் தண்ணீரும் பழக்கமும் இருந்ததால் செய்தார்கள். நம் பக்கத்துச் செம்மண்ணில் டிசம்பர் கடைசியில் மழை நின்று பிப்ரவரியில் கிணறு இறங்கிவிட்டால் அந்தச் செடி பாதிக் காயோடு நின்றுவிடும்.

இங்கே என் கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் செய்யப்போவதைத்தான் நானும் செய்தேன். மில்லில் இருந்தவன் என்ற நினைப்பில் முதல் வருஷமே எம்.சி.யூ 5 போட்டேன். 1968-இல் வந்த ரகம், 30 மில்லிமீட்டர் சுற்றி இழை, 60 நம்பருக்குப் போகும், எத்தனையோ லோடு வாங்கியிருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் அதன் அருமையை. செடி நன்றாகத்தான் வந்தது, காயும் பிடித்தது. டிசம்பர் முதல் வாரத்தோடு மழை நின்றது, கிணற்றில் இருந்தது எட்டு நாளைக்கு ஒரு தண்ணீருக்கே காணவில்லை. பஞ்சை எடுத்துப் பரிசோதித்தால் நீளம் ரகத்துக்கு உரியதற்குப் பக்கத்தில் இருக்கிறது, இழையின் முதிர்ச்சியைக் காட்டுகிற மைக்ரோனேர் அளவு மட்டும் 2.7. பழகின கை என்பதால் எண் வருவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது, பிடித்தால் பஞ்சில் உடம்பே இல்லை.

இதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்வது முக்கியம், பருத்தி போடுகிற பாதிப் பேருக்கு இது சொல்லப்படுவதே இல்லை. பஞ்சின் ஒவ்வொரு இழையும் விதைத் தோலிலிருந்து வளர்கிற ஒரே ஒரு செல். பூ விரிந்த நாளிலிருந்து முதல் இருபது இருபத்தைந்து நாள் அது நீளுகிறது. அப்புறம் காய் வெடிக்கும் வரை, இன்னொரு இருபத்தைந்து நாளுக்கு மேல், உள்சுவர் படிப்படியாகத் தடிக்கிறது. முதல் பாதியில் தண்ணீர் குறைந்தால் நீளம் குறையும், இரண்டாம் பாதியில் குறைந்தால் நீளம் இருக்கும், உள்ளே சுவர் இருக்காது. காற்றுப் போன டியூப் மாதிரி தட்டையான இழை. மைக்ரோனேர் என்கிற அளவு நுண்மையையும் முதிர்ச்சியையும் சேர்த்தே காட்டும், 3.5-லிருந்து 4.9 வரை மில்காரர் சாதாரணமாக ஏற்பார். எம்.சி.யூ 5 மாதிரி பிறவியிலேயே நுண்மையான ரகத்தில் அது 3.5-க்குக் கொஞ்சம் கீழே இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் 2.7 என்றால் அது நுண்மை இல்லை, பிஞ்சு. அப்படிப்பட்ட இழை நூற்கும்போது சின்னச் சின்ன முடிச்சாகத் திரளும், சாயத்தைப் பிடிக்காது, அடர்ந்த சிவப்பில் தோய்த்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரியும். கண்டாங்கியின் செங்கல் சிவப்பில் அந்தப் புள்ளி வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதிர்ந்த 25 மில்லிமீட்டர் இழை, முதிராத 30 மில்லிமீட்டர் இழையைவிட எவ்வளவோ மேல். ரகம் தருவது ஒரு வாக்குத்தான், அதை நிறைவேற்றுவது உங்கள் மண்ணும் கடைசி ஐம்பது நாள் ஈரமும்.

சரி, கருங்கண்ணிக்கு வருவோம். உலகத்தில் துணிக்கு ஆகிற பருத்தி நாலு இனம். நம் நாட்டுப் பருத்தி இரண்டு, ஆர்போரியமும் ஹெர்பேசியமும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை இரண்டு, ஹிர்சூட்டமும் பார்படென்சும். கருங்கண்ணி ஆர்போரியம், திருநெல்வேலிச் சீமையில் அதோடு கூட விளைந்த உப்பம் ஹெர்பேசியம், சுவின் பார்படென்ஸ், இன்று வயலில் நீங்கள் பார்ப்பதில் பெரும்பாலானது ஹிர்சூட்டம். அந்த ஹிர்சூட்டம் நம் பக்கம் பரவினது கம்போடியா பருத்தி என்ற பெயரில், 1900-களின் தொடக்கத்தில். எம்.சி.யூ என்ற பெயரில் இருக்கிற சி அந்தக் கம்போடியாதான், எம் மெட்ராஸ், யூ உகாண்டா.

கருங்கண்ணிச் செடியைப் பார்த்தால் இலை ஆழமாகப் பிளந்து விரல் மாதிரி இருக்கும், பூ மஞ்சள், காய் சின்னது, பெரும்பாலும் மூன்று சுளை, கீழ்நோக்கித் தொங்கும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் வறட்சியைத் தாங்கும், தத்துப்பூச்சி மாதிரி சாறு உறிஞ்சுகிறவை ஹிர்சூட்டத்தைப் படுத்துகிற அளவு இதைப் படுத்தாது. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901-லிருந்து இருக்கிறது, அங்கேதான் கருங்கண்ணியைத் தேர்ந்து தேர்ந்து கே என்ற வரிசையில் ரகங்களாக விட்டார்கள், கே 11 வரைக்கும் அதற்கு மேலும். இழை 22 முதல் 25 மில்லிமீட்டர், கொஞ்சம் முரடு, மைக்ரோனேர் 5-க்குப் பக்கத்தில் போகும். மில்காரனாக இருந்தபோது இதைத் தள்ளித்தான் வைத்தேன். இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன். நாட்டுப் பருத்தியின் தடித்த இழை தண்ணீரை நன்றாக உறிஞ்சும், மருத்துவமனைப் பஞ்சுக்கு நாட்டுப் பருத்தியைத் தேடுவதே அதனால்தான். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு உடம்பில் ஒட்டாத துணி வேண்டும் என்றால் இதைவிட என்ன இருக்கிறது.

ஒரே குறை, அது கரிசல்காட்டுப் பிள்ளை. கமுதி, பரமக்குடி, இளையான்குடிப் பக்கம் போகப்போக மண் கறுக்கும், அங்கே மழை நின்ற பிறகும் மண்ணுக்குள் ஈரம் இருக்கும், கருங்கண்ணி அதைக் குடித்தே காய்த்துவிடும். காரைக்குடியைச் சுற்றி அப்படி இல்லை. ஒரு முழம் தோண்டினால் செம்புறாங்கல் தட்டுகிற இடமெல்லாம் உண்டு, தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். அதனால் இரண்டு ஏக்கர் மானாவாரியையும் பருத்திக்குக் கொடுக்காதீர்கள். கண்மாய்க்குக் கீழே வண்டல் படிந்து கொஞ்சம் களியாக, கறுப்பாக ஒரு துண்டு இருக்கும், பெரும்பாலும் எல்லோர் நிலத்திலும் இருக்கும், அதில் அரை ஏக்கர் மட்டும் கருங்கண்ணி. மீதியில் கடலையோ உளுந்தோ போடுங்கள். மண்ணை அள்ளி விதைப்பதற்கு முன் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள், செட்டிநாட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நம் மண்ணைத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், நேரில் போய்க் கேட்பது நல்லது.

பி.டி. பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பி.டி. என்பது ரகம் இல்லை, காய்ப்புழுவைக் கொல்லும் ஒரு குணம். 2002-இல் நம் நாட்டில் அனுமதித்தார்கள், முதலில் ஒரு ஜீன், 2006-இலிருந்து இரண்டு. அதைச் சுமக்கிற ஒட்டுரகம் எதுவோ அதன் இழைதான் உங்களுக்குக் கிடைக்கும், பி.டி.யால் இழை நீளவும் செய்யாது குறையவும் செய்யாது. ஒட்டுரகத்தில் நாம் முன்னோடிகள், உலகத்தில் வியாபாரத்துக்கு வந்த முதல் பருத்தி ஒட்டு 1970-இல் சூரத்தில் சி.டி. பட்டேல் கொடுத்த எச் 4, அடுத்து 1972-இல் தார்வாடிலிருந்து வரலட்சுமி. நல்ல தண்ணீர் இருந்தால் ஒட்டில் ஏக்கருக்கு எட்டு, பத்துக் குவிண்டால் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வருஷா வருஷம் விதை வாங்க வேண்டும், எடுத்து வைத்து விதைத்தால் அடுத்த தலைமுறையில் செடிக்குச் செடி வேறுபடும், பஞ்சும் கலவையாக வரும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு இப்போது இரண்டு ஜீனையும் தாண்டி வந்துவிட்டது. விற்பனைக்காகப் போடுகிறவருக்கு நான் ஒட்டு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், உங்கள் நோக்கம் வேறு. விதையும் பஞ்சும் சேலையும் ஒரே நிலத்தில் சுற்றி வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் விதையைக் கைவிடக் கூடாது.

அதனால் கிணற்றுப் பாசன ஏக்கரில் அரை ஏக்கருக்கு எஸ்.வி.பி.ஆர் 2 அல்லது எஸ்.வி.பி.ஆர் 4 போடுங்கள். திருவில்லிபுத்தூரிலிருந்து வந்த ரகங்கள், கோடை இறவைக்கென்றே தேர்ந்தவை, ஐந்து மாதத்தில் முடியும், இழை நடுத்தரம், 30 முதல் 40 நம்பர் நூலுக்குச் சரியாக இருக்கும். கோ 17 என்று கோயம்புத்தூரிலிருந்து புதிதாக ஒன்று இருக்கிறது, செடி பக்கக் கிளை விடாமல் ஒடுக்கமாக நேரே நிற்கும், நெருக்கி விதைக்கலாம், காய் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெடிக்கும். விதை கிடைத்தால் நாலு வரி போட்டுப் பாருங்கள்.

மாசிப் பட்டத்தில், பிப்ரவரி கடைசி மார்ச் தொடக்கத்துக்குள் எஸ்.வி.பி.ஆர் விதைத்துவிட வேண்டும், தள்ளிப்போனால் வெடிக்கிற நேரத்தில் ஆடி ஆவணி மழை பிடித்துப் பஞ்சு கறுக்கும். 75-க்கு 30 சென்டிமீட்டர் இடைவெளி போதும். கிணற்றில் சித்திரை வைகாசிக்கு எவ்வளவு நிற்கும் என்று போன வருஷத்தை வைத்து நேர்மையாகக் கணக்குப் போட்டு, அந்தத் தண்ணீருக்கு எவ்வளவு பரப்போ அவ்வளவு மட்டும் விதையுங்கள், பூ வந்த பிறகு பத்து நாளைக்கு ஒரு தண்ணீர் தவறக் கூடாது. கருங்கண்ணிக்குப் புரட்டாசியில் முதல் மழை விழுந்த ஈரத்தில் விதைப்பு, 45-க்கு 15 சென்டிமீட்டர், ஊடே உளுந்து. விதையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், சாணிப்பாலில் புரட்டி நிழலில் உலர்த்தினால் உதிரியாகிவிடும், பழைய வழிதான், இன்றைக்கும் சரியாக வேலை செய்கிறது. யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள், தழை கொழுத்தால் பூச்சி வரும், சப்பை என்கிற பூமொட்டு உதிரும், முதிர்ச்சியும் தள்ளும். எஸ்.வி.பி.ஆர் செடிக்குப் பதினைந்து கணு வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், அதன் பிறகு சத்து காய்க்குப் போகும். வரப்பில் ஆமணக்கு வையுங்கள், இலையைத் தின்கிற புரோட்டீனியா புழுவின் அந்துப்பூச்சி முதலில் அங்கே முட்டை வைக்கும், பார்த்துப் பறித்து அழித்துவிடலாம்.

விதையைச் சேமிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம், ஹிர்சூட்டத்துக்கு 52, அதனால் பக்கத்து வயலில் பி.டி. இருந்தாலும் கருங்கண்ணி அதோடு கலக்காது. எஸ்.வி.பி.ஆர் அப்படி இல்லை, தேனீ கொண்டுவந்து கலந்துவிடும். சான்று விதைக்கே 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி, நீங்கள் விதைக்கு எடுக்கிற வரிகளை நிலத்தின் நடுவில் வைத்து இன்னும் தள்ளியே வையுங்கள்.

இனி எடுப்பு. நல்ல பஞ்சு கெடுவதில் பாதி இங்கேதான் கெடுகிறது, மில்லில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். காலையில் பனி ஈரம் இருக்கும்போது, பத்து பதினோரு மணிக்குள் எடுத்துவிடுங்கள், வெயில் ஏறினால் சருகு நொறுங்கிப் பஞ்சோடு ஒட்டும், அதை எந்த இயந்திரமும் முழுதாகப் பிரிக்காது. கருங்கண்ணியில் வெடித்த சுளை காயில் பிடித்துக்கொண்டு நிற்காது, கீழே விழுந்துவிடும், நாலைந்து நாளைக்கு ஒரு தடவை போயாக வேண்டும். கறை பிடித்ததைத் தனியாகப் போடுங்கள். முக்கியமாக, பிளாஸ்டிக் உரச்சாக்கில் அள்ளாதீர்கள். அந்தச் சாக்கின் நார் ஒன்று பஞ்சில் கலந்தால் நூல் வரை போய், நெய்து, சாயம் போட்ட பிறகுதான் வெள்ளைக் கோடாகத் தெரியும். பழைய வேட்டி, துணிப்பை எதுவும் ஆகும். எடுக்கிற பெண்கள் தலையில் துண்டு கட்டிக்கொண்டால் முடியும் விழாது.

அரை ஏக்கர் போதுமா என்று நினைப்பீர்கள். கணக்குப் பாருங்கள். ஏக்கருக்கு நாலு குவிண்டால் என்று குறைவாகவே வைத்தாலும் அரை ஏக்கரில் 200 கிலோ விதைப்பருத்தி, கடைந்தால் 35 சதவீதம், 70 கிலோ பஞ்சு. நூற்பில் கழிவு போக 55 கிலோ நூல் நிற்கும். ஒரு சேலைக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் என்றால் தொண்ணூறு சேலை. இரண்டு துண்டு நிலமும் சேர்த்தால் உங்கள் குடும்பத்துக்குக் கொடுத்து, உறவுக்கெல்லாம் கொடுத்து, விற்கவும் மிச்சம் இருக்கும். கொட்டை மாட்டுக்கு, மார் என்கிற காய்ந்த செடித்தண்டு அடுப்புக்கு. எடுப்பு முடிந்ததும் மாரைப் பிடுங்கிவிட வேண்டும், நிற்கவிட்டால் அடுத்த வருஷப் புழு அதில் உட்கார்ந்திருக்கும்.

கஷ்டமான இடம் நூற்பு. 170 கிலோ பேல் ஒன்றுகூட இல்லாத பஞ்சைப் பெரிய மில் தொடாது, அவர்கள் இயந்திரத்தில் அது கண்ணுக்கே தெரியாது. கைராட்டை, அம்பர் சர்க்கா வைத்திருக்கிற காதி ஆட்களையும், சின்ன அளவில் நூற்றுக் கொடுக்கிறவர்களையும் விதைப்பதற்கு முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் ஓடுகிற பாவுக்கு எஸ்.வி.பி.ஆர் பஞ்சில் 40 நம்பர், குறுக்கே போகிற ஊடைக்குக் கருங்கண்ணியில் 20 நம்பர், இப்படி நூற்கச் சொல்லுங்கள். பாவு நூல் தறியில் இழுபடும், உரசும், அதற்கு வலு வேண்டும். ஊடைக்கு அந்தச் சோதனை இல்லை, அது தடித்து மெத்தென்று இருக்கலாம், சேலையின் கனமும் உறிஞ்சுகிற குணமும் அதிலிருந்து வரும். இந்தச் சேர்க்கையில் ஒரு துண்டு நெய்து வைத்திருக்கிறேன், நாலு வருஷமாக உபயோகத்தில் இருக்கிறது, முதல் நாளைவிட இப்போதுதான் நன்றாக இருக்கிறது.

கடையக் கொடுக்கும்போது கூடவே போய் நில்லுங்கள். முன்னால் ஓடின பஞ்சைச் சுத்தமாகத் துடைத்தெடுத்த பிறகு உங்களுடையதைப் போடச் சொல்லுங்கள், கருங்கண்ணியையும் எஸ்.வி.பி.ஆரையும் ஒரே நாளில் கொண்டுபோகாதீர்கள். கடைந்ததும் ஒரு பிடி எடுத்து இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் வைத்துப் பிரித்து, அடுக்கி, திரும்பப் பிரித்து, நாலைந்து தடவை செய்தால் இழைகள் ஒரு சீப்பு மாதிரி நேராகும். அதைக் கறுப்புத் துணி மேல் வைத்து அளந்து பாருங்கள். மைக்ரோனேருக்கு எண் வேண்டுமென்றால் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், ஆனால் முதிர்ந்த பஞ்சை உள்ளங்கையில் வைத்து அழுத்தி விட்டால் மறுபடி எழும்பி வரும், பிஞ்சுப் பஞ்சு அமுங்கியே கிடக்கும். அமுங்கிக் கிடந்தால் அந்த எடுப்பை மட்டும் பிரித்துத் தலையணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாவுக்குக் கலக்காதீர்கள்.